அன்டாப் ஹில், வீட்டு எண் 45263

மும்பை அன்டாப் ஹில்லில் 45263 என்ற எண்ணில் வீடு எதுவும் கிடையாது. பிறந்ததிலிருந்து அங்கேயே இருப்பவள் என்பதால் அடித்துச் சொல்வேன். அந்த எண்ணை முகவரியாகப் போட்டு எங்கள் ஆபீஸிலிருந்து போன கடிதம் ஒன்று, கூரியர் பையன் கையில் இரண்டு வாரம் அலைந்துவிட்டு, மழையில் நனைந்து உப்பிப்போய்த் திரும்பி வந்தது. இப்படித் திரும்பி வருபவற்றை லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைப்பார்கள். டீ குடிக்கக் கீழே போகும்போது, மேலாகக் கிடந்த உறையில் எங்கள் ஏரியாவின் பெயரைப் பார்த்துக் கையில் எடுத்தேன்.

முதலில் சிரிப்பு வந்தது. அடுத்த நொடி வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் 45263 என்ன என்று எனக்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எக்செல் கணக்கில் அது 2023 டிசம்பர் 3. அதாவது 3/12. அதாவது மூன்றாம் நம்பர் பில்டிங், பன்னிரண்டாம் நம்பர் ரூம்.

மும்பையில் பழைய குடியிருப்புகளில் இருப்பவர்கள் முகவரியை இப்படித்தான் எழுதுவோம். யாரோ ஒருவர் எக்செல் கட்டத்தில் 3/12 என்று அடித்திருக்கிறார். எக்செல் அதைத் தேதி என்று எடுத்துக்கொண்டது. வருடம் யாரும் சொல்லவில்லை, அதனால் அப்போது ஓடிக்கொண்டிருந்த 2023-ஐ அதுவே ஒட்டிக்கொண்டது. எங்கள் புரோகிராம் அந்தக் கோப்பைத் திறந்தபோது திரையில் தெரிந்த எழுத்தைப் படிக்கவில்லை, அடியில் உட்கார்ந்திருந்த எண்ணைப் படித்தது. அதே 3/12-ஐ அமெரிக்க செட்டிங் உள்ள கணினியில் அடித்திருந்தால் மார்ச் 12 ஆகி, உறையின் மேல் வேறொரு ஐந்து இலக்க எண் வந்திருக்கும்.

மேலதிகாரியிடம் சொல்லி முகவரியைத் திருத்தி, அந்தக் கடிதத்தை அன்று சாயங்காலம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கதவைத் திறந்த அம்மா உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முப்பது வருஷமா இதே ரூம்தான். இப்ப என்ன புதுசா தொலைஞ்சு போச்சு?" என்றார். என்னிடம் பதில் இல்லை. தொலைத்த புரோகிராமை எழுதியதே நான்தான் என்று வாசலில் நின்று எப்படிச் சொல்வது?

நான் பார்ப்பது டேட்டா மைக்ரேஷன். பழைய சிஸ்டத்தில் இருப்பதைப் புதிய சிஸ்டத்துக்கு மாற்றும் வேலை, வீடு காலி செய்து சாமான் ஏற்றுகிற மாதிரி. ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்களை நான்கு இடங்களிலிருந்து எடுத்து ஒன்றாக்க வேண்டும். எந்த நிறுவனம் என்பது இங்கே வேண்டாம். காப்பீட்டில் பிறந்த தேதி என்பது சும்மா ஒரு விவரம் இல்லை. வயதை வைத்துத்தான் பிரீமியம். ஒரு நாள் பிசகினால்கூடச் சிலருக்கு வயது ஒன்று கூடிவிடும், பணம் மாறிவிடும்.

அந்தப் பிறந்த தேதிப் பத்தியில்தான் கூத்து. (எக்செல்லின் நெட்டுக்குத்து வரிசையைக் 'காலம்' என்றுதான் எல்லோரும் சொல்கிறோம். ஆனால் தேதியைப் பற்றி எழுதும்போது காலம் என்று போட்டால் எனக்கே குழம்புகிறது. அதனால் பத்தி.)

கிளைகளிலிருந்து எக்செல் கோப்புகள். தலைமை அலுவலகத்தின் பழைய ஏஎஸ்/400 கணினியிலிருந்து வெறும் எண்கள். இணையதளத்திலிருந்து வேறு மாதிரி எண்கள். ஏஜெண்டுகளிடமிருந்து சிஎஸ்வி கோப்புகள், அதாவது காற்புள்ளி போட்டுப் பிரித்த வெறும் உரை, அதில் எல்லாமே எழுத்து. எங்கள் டீம் லீட் மாட்டுங்கா தமிழர், முப்பது வருட அனுபவம். அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஒரு ஃபங்ஷன் எழுதிடும்மா. உள்ள எது போனாலும் வெளிய தேதியா வரணும், அவ்ளோதான்."

எழுதினேன். பைத்தான் என்ற நிரல்மொழியில் அறுபது எழுபது வரி. எழுத்தா? இந்த வடிவத்தில் பார், இல்லையென்றால் அடுத்த வடிவம், அதுவும் இல்லையென்றால் அடுத்தது. எண்ணா? இத்தனை இலக்கம் என்றால் இது, அத்தனை இலக்கம் என்றால் அது. முகவரியில் இப்படி எண் வந்து உட்காரும் என்று அப்போது யோசிக்கவே இல்லை. இரண்டு லட்சத்துச் சொச்சம் வரிகள் ஓடின. பிழை: பூஜ்யம். டீம் லீட் எல்லோருக்கும் கட்டிங் சாய் சொன்னார்.

பிழை பூஜ்யம் என்பதைப் பார்த்த அன்றே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான்கு வாசல் வழியாக வந்த இரண்டு லட்சம் பேரில் ஒருவருடைய தேதிகூடப் புரியாமல் போகவில்லை என்றால், அந்த ஃபங்ஷனுக்கு "தெரியாது" என்று சொல்லவே தெரியவில்லை என்றுதானே அர்த்தம்? கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிற மாப்பிள்ளை மாதிரி.

கடிதம் கிடைத்த மறுநாள் முதல் வேலையாகப் பிறந்த தேதிகளைக் கிண்ட ஆரம்பித்தேன். எக்செல்லில் இருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அதுதான் என்னை அதிகம் படுத்தியது. எக்செல்லுக்குத் தேதி என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. நாட்களை வரிசையாக எண்ணி வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1 என்றால் 1, மறுநாள் 2, இப்படியே போய் 2024 ஜனவரி 1-க்கு 45292. அப்படியானால் 1900 ஜனவரி 1-இலிருந்து அந்த எண்ணைக் கூட்டிவிட்டால் தேதி கிடைத்துவிடுமே என்று தோன்றும். கூட்டினால் இரண்டு நாள் தள்ளிப்போகும். எண்ணிக்கை பூஜ்யத்தில் இல்லாமல் ஒன்றில் தொடங்குவதால் ஒரு நாள். இன்னொரு நாள், நடக்காத ஒரு நாள். 1900 லீப் வருடம் இல்லை. ஆனால் எக்செல்லில் 60 என்று போட்டுத் தேதியாக்கிப் பாருங்கள், 1900 பிப்ரவரி 29 என்று காட்டும். அதற்கு முன்னால் கொடிகட்டிப் பறந்த லோட்டஸ் 1-2-3 மென்பொருளில் அந்தத் தவறு இருந்தது. அதன் கோப்புகள் இதிலும் சரியாகத் திறக்க வேண்டும் என்பதற்காகத் தவறையும் சேர்த்தே எடுத்துக்கொண்டார்கள். அதனால்தான் எக்செல் எண்ணைத் தேதியாக்குகிற எல்லோருடைய நிரலிலும் 1899 டிசம்பர் 30 என்று ஒரு விநோதமான நாள் எழுதியிருக்கும். 1900 மார்ச்சுக்குப் பிந்தைய தேதிகளுக்கு அது சரியாக வரும்.

இது போதாதென்று, பழைய மேக் எக்செல் 1904-இலிருந்து எண்ணும். இரண்டுக்கும் வித்தியாசம் 1462 நாள். ஒரே ஒரு கிளையில் யாரோ பழைய மேக் வைத்திருந்தார்கள் போல. அந்தக் கிளையின் வாடிக்கையாளர்கள் அத்தனை பேருக்கும் நான் நான்கு வருடமும் ஒரு நாளும் வயதைக் கூட்டிவிட்டிருந்தேன்.

ஆனால் எண்ணைவிட மோசம், பாதி எண்ணும் பாதி எழுத்துமாக வரும் பத்தி. எங்கள் டீமில் மதுரைப் பையன் ஒருவன் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். ஏஜெண்டுகளின் சிஎஸ்வி அவன் பொறுப்பு. அதில் 05/03/1987 என்று நம் ஊர் வழக்கப்படி நாள், மாதம், வருடம் என்று இருந்தது. என் கைக்கு வந்தபோது அது எக்செல் கோப்பாக இருந்தது.

"இது எப்படிடா எக்செல் ஆச்சு?"

"சும்மா தொறந்து பாத்தேன் அக்கா. ஒண்ணும் பண்ணல."

"சேவ் பண்ணியா?"

"மூடும்போது ஏதோ கேட்டுச்சு. எக்செல்லாவே இருக்கட்டும்னு குடுத்தேன். நல்லதுதானேக்கா?"

அவன் லேப்டாப்பில் அமெரிக்க செட்டிங். புது லேப்டாப், யாரும் மாற்றவில்லை. 05/03/1987 மே 3 ஆகிவிட்டது. திரையில் 5/3/1987 என்றுதான் தெரியும், முன்னால் இருந்த பூஜ்யங்கள் போனதைத் தவிர வித்தியாசமே கண்ணுக்குத் தெரியாது. 25/03/1987 வந்தபோது 25-ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் எக்செல் அதைத் தொடாமல் எழுத்தாகவே விட்டுவிட்டது. ஆக, 12-ஆம் தேதி வரை பிறந்தவர்கள் மாறிப்போனார்கள், 13 முதல் பிறந்தவர்கள் தப்பித்தார்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு எளிய வழி இருக்கிறது, ஒரு கம்ப்யூட்டர் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. பத்தியை அகலமாக இழுத்து விடுங்கள். எக்செல் எழுத்தை இடது பக்கம் ஒட்டி வைக்கும், எண்ணை வலது பக்கம் ஒட்டி வைக்கும். ஒரே பத்தியில் தேதிகள் இரண்டு ஓரத்திலும் நின்றால் ஏதோ நடந்திருக்கிறது. அந்தப் பத்தியில் பஸ்ஸில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம் மாதிரி நின்றுகொண்டிருந்தார்கள். வலது பக்கம் நின்றவர்களை மட்டும் பிரித்துப் பார்த்தேன். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூட எந்த மாதத்திலும் 12-ஆம் தேதிக்கு மேல் பிறக்கவில்லை.

பையனைத் திட்டவில்லை. மரபணு ஆராய்ச்சியாளர்களே இதில் மாட்டியிருக்கிறார்கள். மார்ச்1, செப்ட்1 என்றெல்லாம் சுருக்கப் பெயர் வைத்த மரபணுக்களை எக்செல் தேதியாக்கி ஆக்கி, கடைசியில் 2020-இல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள். தானாகத் தேதியாக்காதே என்று சொல்லும் வசதி எக்செல்லில் வந்தது 2023-இல்தான்.

ஏஎஸ்/400 எண்களைப் பற்றிச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அது ஒழுங்கான பிள்ளை. ஏழு இலக்கம். முதல் இலக்கம் நூற்றாண்டு: 0 என்றால் 1900-கள், 1 என்றால் 2000-கள். பிறகு வருடம், மாதம், நாள். 1240305 என்றால் 2024 மார்ச் 5. சிக்கல் ஒன்றுதான். எண்ணாக வரும்போது முன்னால் இருக்கும் பூஜ்யம் உதிர்ந்துவிடும். 100605 என்று ஆறு இலக்கத்தில் ஒன்று வந்தது. ஏஎஸ்/400 முறைப்படி அது 1910 ஜூன் 5. வருடத்தை முதலில் எழுதுபவருக்கு 2010 ஜூன் 5. நாளை முதலில் எழுதுபவருக்கு 2005 ஜூன் 10. எண் ஒன்று, ஆள் மூன்று. எண்ணையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் விடிந்தாலும் பதில் வராது. எந்த வாசல் வழியாக வந்தது என்று கேட்டால் ஒரு நொடியில் முடிந்தது.

இணையதளத்து எண்கள் 1970 ஜனவரி 1-இலிருந்து கடந்த நொடிகள், அல்லது அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லிநொடிகள். இப்போதைய தேதிகள் நொடியில் என்றால் பத்து இலக்கம், மில்லிநொடியில் என்றால் பதின்மூன்று. நொடியை மில்லிநொடி என்று நினைத்துப் படித்தால் 2023 நவம்பரில் எடுத்த பாலிசி 1970 ஜனவரி 20-இல் எடுத்ததாகக் காட்டும். எங்காவது 1970 ஜனவரி மூன்றாம் வாரத்தில் கும்பலாகத் தேதிகளைப் பார்த்தால் இதுதான் காரணம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம்.

1970-க்கு முன்னால் பிறந்தவர்களுக்கு அந்த எண் கழித்தல் குறியோடு வரும். என் முதல் ஃபங்ஷனில் ஒரு காரியம் செய்திருந்தேன். எண்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, கோடு, அடைப்புக்குறி எல்லாவற்றையும் துடைத்துவிடும் வரி ஒன்று, போன் நம்பரைச் சுத்தம் செய்ய எழுதியது, அதை இங்கேயும் போட்டுவிட்டேன். கழித்தல் குறியும் குப்பையோடு போய்விட்டது. 1943-இல் பிறந்தவர்கள் 1996-இல் பிறந்தவர்களாகி, பிரீமியம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. இதற்கு மட்டும் யாரும் புகார் செய்யவில்லை.

வெற்றுக் கட்டங்கள் தனிக் கதை. ஒன்றும் இல்லாததைத் தேதியாக்கு என்றால் என்ன வர வேண்டும்? ஒன்றும் வரக்கூடாது என்பேன். எஸ்கியூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளில் காலியான எழுத்தைத் தேதியாக்கினால் 1900 ஜனவரி 1. இணையப் பக்கங்களின் நிரல்மொழியான ஜாவாஸ்கிரிப்டில் இன்மையைக் குறிக்கும் நல் என்பதைக் கொடுத்தால் 1970 ஜனவரி 1, நம் ஊர் நேரப்படி அதிகாலை 5:30. அதே ஜாவாஸ்கிரிப்டில், குரோம் உலாவியில், ஆங்கிலத்தில் 'ரூம் 12' என்று எழுத்தாகக் கொடுத்துத் தேதி கேட்டுப் பாருங்கள். 2001 டிசம்பர் 1 என்று தயங்காமல் சொல்லும். என் ஃபங்ஷனைப் பற்றி நான் வெட்கப்பட்டது கொஞ்சம் குறைந்தது அன்றைக்குத்தான்.

1900 ஜனவரி 1-ஐயும் 1970 ஜனவரி 1-ஐயும் வடிகட்டிவிட்டு, வேறு எந்த நாளில் கூட்டம் சேர்ந்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். ஜூன் 1. மற்ற எந்த நாளைவிடவும் பல மடங்கு. மதுரைப் பையன் உற்சாகமாகிவிட்டான். "அக்கா, இதுவும் டிஃபால்ட்தான். தூக்கிரலாம்."

தூக்க முடியாது. அதைப் பார்த்ததும் எனக்கு ஆச்சி ஞாபகம் வந்தது. அப்பாவைப் பெற்றவர், எங்களோடுதான் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணம் ஆகி, மாட்டுங்கா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் தாத்தாவுக்கு வேலை என்று இங்கே வந்தவர். அவருடைய எல்லாக் காகிதத்திலும் 01-06-1943 என்றுதான் இருக்கும். அன்று ராத்திரி சாப்பிடும்போது கேட்டேன்.

"ஆச்சி, நீங்க பொறந்தது எப்போ?"

"எந்தத் தேதியக் கேக்க? வாத்தியார் போட்டதா, எங்கய்யா எழுதி வச்சதா?"

"ரெண்டும் சொல்லுங்க."

"எங்கய்யா எழுதுனது சுபானு வருஷம் ஆவணி மாசம். தேதி கரையான் அரிச்சுட்டு. பள்ளிக்கூடத்துல சேக்கப் போனப்போ, ஆவணின்னா அஞ்சு வயசு நெறையாதே, ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கிடுதேன்னு வாத்தியார் எழுதிட்டாரு. அதுல இருந்து அதுதான்."

அதாவது அந்த வாத்தியாரும் ஒரு ஃபங்ஷன். உள்ளே 'ஆவணி' போனது, வெளியே ஜூன் 1 வந்தது. வித்தியாசம் என்னவென்றால், எஸ்கியூஎல் சர்வர் போட்ட 1900 ஜனவரி 1 யாருடைய பிறந்த நாளும் இல்லை. வாத்தியார் போட்ட ஜூன் 1-தான் சட்டப்படி ஆச்சியின் பிறந்த நாள். மகாராஷ்டிரத்திலும் அந்தத் தலைமுறையில் ஜூன் 1 பிறந்தநாள்காரர்கள் ஏராளம். எண்ணிக்கையைப் பார்த்துத் துடைத்திருந்தால் ஆயிரக்கணக்கான தாத்தா பாட்டிகளின் ஒரே தேதியையும் பிடுங்கியிருப்பேன்.

சுபானு விஷயமும் மனதில் சுற்றிக்கொண்டே இருந்தது. ஏஜெண்டுகளின் கோப்பில் வருடம் இரண்டே இலக்கத்தில் எழுதிய தேதிகளும் இருந்தன. 12-05-43 என்றால் 1943-ஆ 2043-ஆ? பைத்தானைக் கேட்டால் 68 வரை 2000-கள், 69-இலிருந்து 1900-கள் என்று பிரிக்கும், அதாவது 2043. எக்செல்லைக் கேட்டால் பழைய வழக்கமான செட்டிங்கில் 29 வரைதான் 2000-கள், அதாவது 1943. ஆச்சி இன்னும் பிறக்கவில்லை என்று ஒருவர், பிறந்து எண்பது வருடம் ஆகிவிட்டது என்று இன்னொருவர். ஆச்சியின் அய்யா எழுதிய சுபானுவுக்கும் இதே வியாதிதான். அறுபது வருடச் சுற்றில் அது 1943-இலும் வரும், 2003-இலும் வரும். மதுரைப் பையன் 2003. "நீயும் எங்க ஆச்சியும் ஒரே வருஷம்டா" என்றேன். அவனுக்குப் புரிய ஐந்து நிமிடம் ஆனது.

எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டோம் என்று நினைத்தபோது முலுண்டிலிருந்து ஒரு புகார். புதிய இணையதளத்தில் தன் பிறந்த தேதி ஒரு நாள் முன்னால் காட்டுகிறது என்று ஒரு பெரியவர். ஒரு நாள் பிசகு என்றாலே எங்கள் தொழிலில் முதலில் சந்தேகப்படுவது ஐந்தரை மணி நேரத்தைத்தான். இணையதளம் எழுதியவர்கள் பிறந்த தேதியை வெறும் தேதியாக வைக்காமல், அன்றைய நள்ளிரவு 12 மணி என்ற நேரப்புள்ளியாக்கி, அதையும் கிரீன்விச் நேரத்துக்கு மாற்றிச் சேமித்திருந்தார்கள். நம் நள்ளிரவு அங்கே முந்தின நாள் மாலை 6:30. திரும்பப் படிக்கும்போது யாராவது ஐந்தரை மணியைக் கூட்ட மறந்தால் தேதி முந்தின நாளாகிவிடும். இது தினமும் பார்க்கிற வியாதி. (ஜாவாஸ்கிரிப்டில் இன்னும் விசேஷம். 1987-06-01 என்று கோடு போட்டு எழுதினால் கிரீன்விச் நள்ளிரவு, 1987/06/01 என்று சாய்கோடு போட்டால் உள்ளூர் நள்ளிரவு. ஒரு குச்சி சாய்ந்ததில் ஐந்தரை மணி நேரம்.)

ஆனால் இங்கே ஐந்தரை மணியைச் சரியாகக் கூட்டியிருந்தார்கள். என் தேதி சரி, பையனின் தேதி சரி, அப்பாவின் தேதி சரி. ஆச்சியின் தேதியைப் போட்டுப் பார்த்தேன். 1943 மே 31.

அடுத்த இரண்டு நாளில் இன்னும் மூன்று புகார்கள். எல்லோரும் எண்பதைத் தாண்டியவர்கள். பழைய தேதிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். 1940 சரி. 1947 சரி. 1944 தவறு. 1946 சரி. பையன் ஒரு மாதம் ஒரு மாதமாக நகர்த்தி எல்லையைப் பிடித்தான்: 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் நடு வரை. அதற்கு முன்னால் 1941 அக்டோபர் தொடங்கி 1942 மே நடு வரை ஒரு சின்னத் துண்டு.

போர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் இந்தியாவின் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருக்கிறார்கள். அந்த நாட்களில் நாம் கிரீன்விச்சைவிட ஐந்தரை மணி இல்லை, ஆறரை மணி நேரம் முன்னால். ஜாவா, பைத்தான் போன்றவை நேரக் கணக்குக்கு நம்பியிருக்கும் பொதுவான தரவுத்தளத்தில், 'ஏசியா/கொல்கத்தா' என்ற தலைப்பின் கீழ் இது அச்சுப்பிசகாமல் இருக்கிறது. சேமித்த பகுதி அந்தத் தரவுத்தளத்தைப் பார்த்து ஆறரை மணியைக் கழித்திருக்கிறது: 1943 மே 31, மாலை 5:30. படித்த பகுதியை எழுதியவர், இந்தியா என்றால் எப்போதும் ஐந்தரைதானே என்று அதை நேரடியாகக் கூட்டியிருக்கிறார்: மே 31, இரவு 11 மணி. ஒரு மணி நேரத்தில் ஜூன் 1 தவறிவிட்டது.

இதைக் கண்டுபிடித்த சாயங்காலம் ஐரோலியிலிருந்து வீட்டுக்கு வரும்போது ரயிலில் எனக்குத் தாங்கவே இல்லை. வாஷியில் மாறி, ஜிடிபி நகரில் இறங்கும்வரை அந்தத் தரவுத்தளத்தின் வரிகளையே போனில் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதே தலைப்பின் கீழ் 1906 ஜனவரி 1 வரைக்கும் என்ன இருக்கிறது தெரியுமா? மெட்ராஸ் நேரம். ஐந்து மணி, இருபத்தொரு நிமிடம், பத்து நொடி. உலகத்தில் எத்தனை கணினி, எத்தனை போன் இருக்கிறதோ அத்தனையிலும் பாதிக்கு மேல் இந்த வரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பம்பாய்க்கும் தனி நேரம் இருந்தது, இந்திய நேரத்தைவிட 39 நிமிடம் பின்னால், 1955 வரை அதைப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம். இந்த ஊரின் ரயில் தாமதத்துக்கு ஒரு பாரம்பரியம் இருக்கத்தான் செய்கிறது.

இணையதளக் குழுவிடம், பிறந்த தேதிக்கு மணி வேண்டாம், நள்ளிரவு வேண்டாம், வருடம் மாதம் நாள் மட்டும் போதும் என்று கேட்டோம். "ஆனா எல்லாமே டைம்ஸ்டாம்ப்தானே மேடம்" என்றார்கள். ஆச்சி பிறந்தது எத்தனை மணிக்கு என்று ஆச்சிக்கே தெரியாது, உங்கள் சர்வருக்கு எதற்கு என்றேன். ஒரு வாரம் இழுத்தடித்துவிட்டு மாற்றினார்கள்.

என் ஃபங்ஷனைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினேன். முன்பு அதற்கு ஒரே ஒரு உள்ளீடுதான், மதிப்பு. இப்போது இரண்டு: மதிப்பு, எங்கிருந்து வந்தது. இரண்டாவது இல்லாமல் கூப்பிட்டால் வேலை செய்யாது. கிளை எக்செல்லுக்கு ஒரு வழி, ஏஎஸ்/400-க்கு ஒரு வழி, இப்படி நான்கு சின்ன ஃபங்ஷன்கள், ஒன்றின் வேலையில் இன்னொன்று மூக்கை நுழைக்காது. வந்த மதிப்பு எழுத்து மாறாமல் பக்கத்துப் பத்தியில் அப்படியே இருக்கும். புரியாவிட்டால் தேதி காலி, காரணம் தனியாக. டீம் லீடுக்கு முதலில் பிடிக்கவில்லை. "முன்னாடி பிழையே வரலையேம்மா, இப்ப நாலாயிரம் வருதே?" என்றார். வீட்டு எண் 45263 உறையை அவர் மேசையில் வைத்தேன். அதற்கப்புறம் கேட்கவில்லை.

நாலாயிரத்தில் பெரும்பாலானவை மூலக் கோப்பை மறுபடி கேட்டு வாங்கியதில் சரியாயின. மீதி 41 பேர். அவர்களைப் போனில் கூப்பிட்டுக் கேட்பதைத் தவிர வழியில்லை. ஹிந்தியில் ஆரம்பித்து, எதிர்முனையில் தமிழ் வாடை அடித்தால் தமிழுக்கு மாறிக்கொள்கிறேன்.

"ஐயா, உங்க பிறந்த தேதி மார்ச் 5-ஆ, மே 3-ஆ?"

"அட்டையில என்ன இருக்கோ அதப் போட்டுக்கோம்மா."

"அட்டையில எப்படிங்கய்யா இருக்கு? கொஞ்சம் பாத்துச் சொல்றீங்களா?"

கொஞ்ச நேரம் பீரோ திறக்கும் சத்தம். "வருஷம் மட்டுந்தாம்மா போட்டிருக்கு."

பழைய ஆதார் அட்டைகள் சிலவற்றில் அப்படித்தான். அதற்கென்று ஐந்தாவதாக ஒரு வழி எழுத வேண்டியிருந்தது, வருடத்தை மட்டும் வாங்கிக்கொண்டு நாளையும் மாதத்தையும் காலியாக விடுவதற்கு. இப்போதைக்கு 24 பேரிடம் பேசி முடித்திருக்கிறேன். இன்னும் 17 பேர். மதியத்தில் கூப்பிட்டால் தூங்குகிறார்கள், அதனால் நாளையிலிருந்து பதினோரு மணிக்குக் கூப்பிடலாம் என்றிருக்கிறேன்.